கிட்டங்கியில் பூனை வாடை: காரணமும் போக்கும் வழியும்



மளிகைக் கடைக்குப் பூனை புதிதல்ல. எலி அரிசி மூட்டையைக் கடித்தால் நஷ்டம். அந்த எலியைப் பிடிக்கப் பூனை. நம் தந்தையர் காலத்திலிருந்து இதுதான் வழக்கம். ஆனால் அந்தப் பூனையே கிட்டங்கி மூலையில் சிறுநீர் கழித்துவிட்டால், எலி தின்றதை விடப் பெரிய நஷ்டம் வந்து சேரும் என்பதை நாங்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டோம். அந்த அனுபவத்தையும், அதன் பிறகு தேடித் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

பாவூர்சத்திரத்துக்கு அடுத்துள்ள நம் கீழப்பாவூரில் பெரும்பாலான சிறு கடைகள் முன்பக்கம் கடை, நடுவில் சரக்கு அறை, பின்பக்கம் வீடு என்றே அமைந்திருக்கின்றன. எங்கள் கடையும் அப்படித்தான். ஒரு கோடையில் சரக்கு அறையில் லேசாகப் பூனை வாடை அடித்தது. பினாயில் ஊற்றிக் கழுவினோம், சாம்பிராணி போட்டோம். வாடை போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தோம். ஜூன் மாதம் பிறந்தது. குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்து, செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்று நம் ஊர் வரை வீசியது. வாடை முன்பை விட இரு மடங்காகத் திரும்பி வந்தது.

நாங்கள் அதை உணரவில்லை என்பதுதான் வேடிக்கை. பல ஆண்டுகளாக எங்களிடம் தேயிலை வாங்கும் ஓர் அம்மா, "அண்ணாச்சி, டீத்தூளில் என்னமோ வாடை வருது" என்றார். நாங்கள் முகர்ந்து பார்த்து, "ஒன்றும் இல்லையே அம்மா" என்று சொல்லி அனுப்பினோம். அவர் சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு தேயிலை மட்டும் வேறு கடையில் வாங்கினார். இரண்டு மாதத்தில் மற்ற சாமான்களும் அங்கேயே போயின. குறை சொல்லும் வாடிக்கையாளர் நமக்கு நன்மை செய்கிறார். சொல்லாமல் போகிறவரால்தான் கடை இளைக்கிறது.

நம் மூக்கு ஏன் பொய் சொல்கிறது?

ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை விட்டுவிடும். கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாட்டு வாடை தெரியாததும், பெருங்காயம் கட்டுபவருக்குப் பெருங்காய வாசம் தெரியாததும் இதனால்தான். எனவே நம் கடையில் வாடை இருக்கிறதா என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது. வெளியூரிலிருந்து வரும் உறவினரையோ, பக்கத்துத் தெரு வியாபாரியையோ காலையில் கதவைத் திறந்தவுடன் உள்ளே வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். இரவு முழுவதும் மூடியிருந்த அறையில் முதல் மூச்சில்தான் உண்மை தெரியும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். எல்லா வாடையும் பூனையுடையது அல்ல. மூஞ்சூறு நடமாடும் இடத்தில் கஸ்தூரி போன்ற ஒரு காட்டமான வாடை இருக்கும். எலி அதிகம் இருந்தால் பழைய ஊறல் வாடை வரும், புழுக்கையும் கிடக்கும். எலி செத்துக் கிடந்தால் அந்த நாற்றமே தனி. பூனைச் சிறுநீரின் வாடை கண்ணைக் கரிக்கும் காரத்தோடு, பூண்டு அழுகியது போன்ற ஒரு நெடியும் சேர்ந்து வரும். எதன் வாடை என்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

வாடை திரும்பத் திரும்ப வரும் காரணம்

பூனையின் சிறுநீரில் யூரியா நிறைய உண்டு. கிருமிகள் யூரியாவைச் சிதைக்கும்போது அமோனியா வாயு வருகிறது. கண்ணைக் கரிப்பது இதுதான். இது சில நாட்களில் ஓரளவு பறந்து போய்விடும்.

போகாமல் நிற்பது வேறொன்று. பூனையின் சிறுநீரில் பெலினின் என்ற, கந்தகம் அடங்கிய ஒரு பொருள் இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த மசாவோ மியாசாகி குழுவினர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பூனையின் சிறுநீரில் உள்ள காக்சின் என்ற புரதம் இந்தப் பெலினின் உண்டாவதற்குத் துணை செய்கிறது என்று காட்டியது. காயடிக்காத கடுவன் பூனையிடம்தான் இது மிக அதிகம். புதிதாகக் கழித்த சிறுநீரில் பெலினினுக்குப் பெரிய வாடை இல்லை. நாள் ஆக ஆக அது மெல்லச் சிதைந்து, கந்தக நெடியுள்ள வேறு பொருள்களாக மாறுகிறது. அவற்றை மிகமிகச் சிறிய அளவிலேயே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். முதல் நாள் லேசாக இருந்த வாடை பத்தாம் நாள் தூக்கலாக அடிப்பதற்குக் காரணம் இதுவே.

சிமெண்ட் தரை, மரப்பலகை, சாக்கு, அட்டைப்பெட்டி ஆகிய எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. சிறுநீர் அவற்றில் இறங்கிக் காய்ந்து உப்பாகப் படிகிறது. காய்ந்திருக்கும் வரை வாடை அடங்கியிருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அந்தப் படிவு ஈரத்தை உறிஞ்சி, உள்ளே அடைபட்டிருந்த வாடையை வெளியே விடும். சித்திரையில் போன வாடை ஆனியில் திரும்புவதன் ரகசியம் இது. ஆகவே, வாடை அடங்கிவிட்டது என்பதும் வாடை நீங்கிவிட்டது என்பதும் ஒன்றல்ல. படிவை எடுத்தாலன்றி வாடை போகாது.

செய்யக் கூடாதவை

முதலில் இதைச் சொல்லிவிடுகிறோம். ஏனெனில் நாம் எல்லோரும் முதலில் செய்வது இவற்றைத்தான்.

பிளீச்சிங் பவுடர் போடக் கூடாது. சிறுநீரில் உள்ள அமோனியாவுடன் அது சேர்ந்தால் நுரையீரலைக் கெடுக்கும் நச்சு வாயு உண்டாகும். பிளீச்சிங் பவுடருடன் வினிகரோ, கக்கூஸ் கழுவும் ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சரக்கு அறையில் இது உயிருக்கே ஆபத்து.

பினாயில் ஊற்றுவதால் ஒரு வாடையின் மேல் இன்னொரு வாடை ஏறுமே தவிர, கீழே உள்ள படிவு கரையாது. அரிசியும் மாவும் தேயிலையும் பினாயில் வாடையை இழுத்துக்கொள்ளும். மேலும், பினாயில் வகை மருந்துகளைப் பூனையின் ஈரல் முறிக்க முடியாது. ஈரத்தரையில் நடந்து காலை நக்கினாலும் அதற்கு விஷம்.

ரசகற்பூர உருண்டையை உணவுப் பொருள் இருக்கும் அறையில் எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. ஊதுபத்தியும் சாம்பிராணியும் சாமிக்கு நல்லவை, வாடைக்கு மருந்தல்ல. கொதிக்கும் வெந்நீரும் வேண்டாம். சிறுநீரில் உள்ள புரதம் சூட்டில் இறுகி இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு விளக்கு

வாடை அறை முழுவதும் அடிக்கும். ஆனால் காரணம் இரண்டு மூன்று இடங்களில்தான் இருக்கும். அந்த இடம் தெரியாமல் அறை முழுவதும் கழுவினால் வேலையும் தண்ணீரும் வீண்.

இதற்கான கருவி நம் கல்லாவிலேயே இருக்கிறது. கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதாநிற விளக்குதான் அது. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, அந்த ஊதா விளக்கைத் தரைக்கும் சுவருக்கும் அருகில் பிடித்துப் பாருங்கள். சிறுநீர் காய்ந்த இடம் மங்கலான மஞ்சள் அல்லது பச்சை கலந்த நிறத்தில் ஒளிரும். சுண்ணாம்புக் கட்டியால் அதைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சலவைத்தூள் சிந்திய இடமும் நீலவெள்ளையாகப் பளிச்சென்று மின்னும்; அதைக் கண்டு ஏமாற வேண்டாம். சந்தேகம் வந்தால் குனிந்து முகர்ந்து பார்க்க வேண்டியதுதான்.

தரையை மட்டும் பார்த்தால் போதாது. கடுவன் பூனை நின்றுகொண்டே பின்பக்கமாகப் பீய்ச்சும். ஆகவே சுவரில் முழங்கால் உயரம் வரையிலும், அடுக்குப் பலகையின் கால்களிலும், மூட்டைகளின் பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். எங்கள் சரக்கு அறையில் தரை சுத்தமாகவே இருந்தது. தேயிலைப் பெட்டிக்குப் பின்னால் இருந்த மரப்பலகையில்தான் வாடையின் மூலம் கிடைத்தது.

சரக்கை என்ன செய்வது?

இது கடினமான கேள்வி. ஆனால் பதில் எளியது. சிறுநீர் பட்ட சாக்கில் இருக்கும் உணவுப் பொருளை விற்கக் கூடாது. வெயிலில் காயப்போட்டுச் சலித்து விற்கலாம் என்று மனம் சொல்லும். காயப்போட்டால் வாடை மறையும். ஆனால் நாம் மேலே சொன்னபடி ஈரக்காற்றில் திரும்பும். அது வாடிக்கையாளரின் சமையலறையில் திரும்பும். எலிச் சிறுநீர் என்றால் எலிக்காய்ச்சல் வரை ஆபத்து உண்டு. நாங்கள் ஒரு மைதா மூட்டையையும் ஒரு பெட்டித் தேயிலையையும் குழி வெட்டிப் புதைத்தோம். அன்று மனம் வலித்தது. அந்த அம்மாவின் மாதாந்திரக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, புதைத்த சரக்கு சிறிய தொகைதான் என்று புரிந்தது.

சிறுநீர் படாவிட்டாலும் வாடை இழுக்கும் சரக்குகள் சில: தேயிலை, காப்பித்தூள், மைதா, கோதுமை மாவு, பால் பவுடர், காகிதம் சுற்றிய மிட்டாய், அட்டைப்பெட்டியில் வரும் பிஸ்கட். இவற்றைப் பிரித்து முகர்ந்து பார்த்து, மூன்றாம் ஆள் ஒருவரிடமும் காட்டி முடிவு செய்ய வேண்டும். தகர டின், கண்ணாடிப் பாட்டில், ஒட்டுக் குலையாத எண்ணெய்ப் பாக்கெட் ஆகியவற்றின் வெளிப்புறத்தைச் சோப்பு நீரால் கழுவித் துடைத்தால் போதும்.

போக்கும் முறை

1. புதிய ஈரமாக இருந்தால் தேய்க்கக் கூடாது. ஒற்றி எடுக்க வேண்டும். பழைய செய்தித்தாள், பழந்துணி அல்லது மரத்தூளை மேலே போட்டு உறிஞ்ச விட்டு அள்ளுங்கள். பிறகு பச்சைத் தண்ணீர் ஊற்றி மீண்டும் ஒற்றி எடுங்கள்.

2. காய்ந்த கறையாக இருந்தால், முதலில் தண்ணீரும் வாடையில்லாத சோப்புமாகக் கழுவி ஊற விட வேண்டும். காய்ந்த உப்பு கரைந்தால்தான் மேற்கொண்டு போடும் மருந்து உள்ளே இறங்கும்.

3. கால்நடை மருந்துக் கடைகளிலும் வளர்ப்புப் பிராணிப் பொருள் விற்கும் கடைகளிலும் நொதி கலந்த சுத்திகரிப்பு நீர், அதாவது என்சைம் திரவம் கிடைக்கிறது. இது சிறுநீரின் கழிவுப் பொருள்களைச் சிதைத்துவிடும். இதை ஊற்றி உடனே துடைத்தால் பயனில்லை. புட்டியில் சொன்ன நேரம் வரை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். ஈரச்சாக்கு கொண்டு மூடி வைக்கலாம். முன்பு பினாயில் ஊற்றிய இடமாக இருந்தால் நன்றாக அலசிய பிறகே ஊற்ற வேண்டும். பினாயில் நொதியைக் கெடுத்துவிடும்.

4. என்சைம் கிடைக்காவிட்டால், சம அளவு தண்ணீர் கலந்த வினிகர் அமோனியாவை முறிக்கும். ஆனால் கடப்பைக் கல், மொசைக் தரை, பளிங்கு ஆகியவற்றில் வினிகர் படக் கூடாது. புளிப்பு கல்லை அரித்து மங்கலாக்கிவிடும். அங்கே சமையல் சோடாவைத் தூவி, தண்ணீர் தெளித்து, இரவு முழுவதும் விட்டுக் காலையில் துடைத்தெடுக்க வேண்டும்.

5. இதற்கும் அடங்காத கந்தக நெடிக்கு ஒரு கலவை உண்டு. அமெரிக்காவில் ஸ்கங்க் என்றொரு பிராணி, பயந்தால் தாங்க முடியாத கந்தக நெடியைப் பீய்ச்சும். அந்த நெடியைப் போக்க பால் கிரேபாம் என்ற வேதியியலாளர் கண்ட முறை 1993இல் ஒரு வேதியியல் வார இதழில் வெளிவந்தது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 1 லிட்டர், சமையல் சோடா கால் கோப்பை (சுமார் 55 கிராம்), சோப்புத் திரவம் 1 தேக்கரண்டி. பூனை வாடைக்கும் கந்தகப் பொருளே காரணம் என்பதால் இதற்கும் இது உதவுகிறது. மருந்துக் கடையில் கிடைப்பது 6 சதவீதம் என்று எழுதியிருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். கையுறை அணிந்து கலந்து, கறை மேல் ஊற்றி, கால் மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும்.

இந்தக் கலவையில் மூன்று எச்சரிக்கை. கலந்தவுடன் பயன்படுத்திவிட வேண்டும். மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். நிறமுள்ள துணியும் சாயமடித்த பலகையும் வெளுக்கும். ஓரத்தில் சோதித்துப் பார்க்கவும். வினிகருடன் சேர்க்கக் கூடாது. முன்பு வினிகர் போட்டிருந்தால் தண்ணீர் விட்டு நன்றாக அலசிய பிறகே இதை ஊற்றவும்.

6. கடைசியாகக் காய வைத்தல். பலகைகளை வெளியே எடுத்து இரண்டு நாள் நல்ல வெயிலில் வைக்கவும். அறையில் கதவைத் திறந்து மின்விசிறி ஓட விடவும். சாரல் காலத்தில் இந்த வேலை பாதிதான் பலிக்கும். ஆகவே பங்குனி, சித்திரையிலேயே செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

7. எல்லாம் காய்ந்த பிறகுதான் வெள்ளையடிக்க வேண்டும். அழுக்குச் சுவரில் அப்படியே சுண்ணாம்பு அடித்தால், சுண்ணாம்பின் காரம் பட்டு அமோனியா குப்பென்று கிளம்பும். சுத்தம் செய்த சுவரில் அடித்தால் நுண்துளைகள் அடைபடும். வெடித்த தரைக்குச் சிமெண்ட் பால் பூசுவதும் இதே பலனைத் தரும். ஊறிப்போன பழைய சாக்கும் அட்டையும் கழுவத் தகுதியற்றவை, அவற்றை அப்புறப்படுத்திவிடுங்கள்.

வீட்டுப் பகுதியில் மெத்தை, தலையணை, பாய் ஆகியவற்றுக்கும் இதே முறைதான். இலவம்பஞ்சு மெத்தையில் ஆழமாக இறங்கியிருந்தால், உறையைத் துவைத்து, பஞ்சைப் பிரித்து, நனைந்த பகுதியை எறிந்துவிட்டு மீதியை வெயிலில் கொட்டி உலர்த்துவதே வழி. பூனை மலத்தைக் கர்ப்பிணிப் பெண்கள் அள்ளக் கூடாது; அதிலுள்ள ஒரு கிருமி வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும்.

மீண்டும் வராமல் இருக்க

பூனை முன்பு கழித்த வாடை இருக்கும் வரை அதே இடத்துக்குத்தான் வரும். ஆகவே முழுமையாகச் சுத்தம் செய்வதே முதல் தடுப்பு. அதோடு, வீட்டுப் பின்புறம் ஒரு தட்டில் மணல் போட்டு வைத்துத் தினமும் அள்ளிவிட்டால் பூனை அதையே பழகிக்கொள்ளும். பழகிய பூனை திடீரென்று கண்ட இடத்தில் கழித்தால் அதற்குச் சிறுநீர்க் கோளாறு இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடுவனுக்குக் காயடித்தால் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பூனைகள் பீய்ச்சுவதைக் குறைத்துவிடும் அல்லது விட்டுவிடும். கோபத்தில் பூனையை அடிப்பதோ விஷம் வைப்பதோ பாவம் மட்டுமல்ல. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

சட்டத்தின் இன்னொரு பக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளில் நான்காம் அட்டவணை, உணவுப் பொருள் இருக்கும் இடத்துக்குள் பிராணிகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் விடக் கூடாது என்கிறது. அதாவது, எலிக்குப் பூனை என்ற நம் பழைய கணக்கு இன்று செல்லாது. எலிக்கு வேறு வழி பார்க்க வேண்டும். கதவின் அடிச்சந்தை அடைக்க வேண்டும். சாக்கடைத் துளைக்கும் காற்றுத் துளைக்கும் இரும்பு வலை அடிக்க வேண்டும். மூட்டைகளைத் தரையில் போடாமல் கட்டைமேல் அடுக்கி, சுவரிலிருந்து ஓர் ஆள் துடைப்பத்துடன் நுழையும் இடம் விட வேண்டும். சிந்திய தானியத்தை அன்றன்று பெருக்க வேண்டும். எலிப்பொறி வைக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் பூனைக்கும் அந்த அறையில் வேலை இருக்காது. அது வீட்டுப் பூனையாகப் பின்கட்டில் இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் சரக்கு அறையைச் சுத்தம் செய்து முடிக்கப் பத்து நாள் ஆனது. அடுத்த ஆண்டு சாரலில் கதவைத் திறந்து, பக்கத்துக் கடைக்காரரை அழைத்து முகரச் சொன்னோம். "மல்லி வாசம்தான் வருது" என்றார். அந்த அம்மாவை ஒருநாள் கடைத்தெருவில் பார்த்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, தவறு எங்களுடையது என்று ஒப்புக்கொண்டோம். கால் கிலோ தேயிலை வாங்கிப் போனார். மற்ற சாமான்களுக்கு இன்னும் வரவில்லை. வருவார் என்று காத்திருக்கிறோம்.

உறுப்பினர்கள் அனைவரும் இந்தக் கோடையிலேயே ஓர் இரவு ஊதா விளக்கை எடுத்துக்கொண்டு தம் சரக்கு அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். வாடிக்கையாளர் சொல்வதற்கு முன் நாமே கண்டுபிடிப்பதுதான் வியாபாரத்துக்கு அழகு.